இங்கிலாந்துக் கோட்டைகளும் மாளிகைகளும்: பட்டியலைச் சுருக்குங்கள், டார்பிஷயரில் தங்குங்கள்

உங்கள் கேள்வி இது: ஜூன் மாதம் பத்து நாள் இங்கிலாந்து போகிறீர்கள். லண்டனுக்கு நான்கு நாள் ஒதுக்கியது போக, மீதி நாட்களில் கிராமப்புறத்துக் கோட்டைகளையும் பிரபுக்களின் பழைய மாளிகைகளையும் பார்க்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவும் உடன் வருகிறார்கள். விண்ட்சர், ஹைக்ளியர், ப்ளெனிம், வார்விக், காசில் ஹோவர்ட், ஆனிக் என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். எந்த வரிசையில் போகலாம், எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹைக்ளியர் தெற்கே இருக்கிறது, ஆனிக் ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆறு நாளில் இத்தனையும் பார்க்கக் கிளம்பினால் நெடுஞ்சாலையும் கார் பார்க்கிங்கும்தான் மனதில் நிற்கும். ஒரு மாளிகையை ஒழுங்காகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். தோட்டத்தையும் சேர்த்தால் அரை நாள். பெரும்பாலான வீடுகள் பத்தரை, பதினொரு மணிக்குத்தான் திறக்கும், நாலரை ஐந்துக்கு மூடிவிடும். கடைசி நுழைவு அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு என்பதே உச்ச வரம்பு. பெரியவர்கள் உடன் இருந்தால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: லண்டனில் இருக்கும் நாட்களில் ஒரு கோட்டை. அப்புறம் டார்பிஷயர் என்ற ஒரே மாவட்டத்தில் நாலைந்து இரவு. இங்கிலாந்தின் மாளிகைக் கதை முழுவதும், நார்மன் காலத்துக் கல்கோபுரத்திலிருந்து வரி கட்ட முடியாமல் கைமாறிய வீடு வரை, அந்த ஒரு மாவட்டத்துக்குள் இருக்கிறது. இதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. சொந்தக்காரர்கள் கவனிக்காமல் விட்ட வீடுகள்தான் இன்று நமக்கு அதிகம் சொல்கின்றன. பணமும் ஆசையும் இருந்த வாரிசு வீட்டைத் தன் காலத்து நாகரிகத்துக்கு மாற்றிக் கட்டிவிடுவார். வேறு ஊரில் வசித்தவரோ மாற்றத்தில் அக்கறை இல்லாதவரோ பழையதை அப்படியே விட்டுவைப்பார். ஹேடன், ஹார்ட்விக், கால்க் மூன்றும் அந்த வகை. மூன்றுமே டார்பிஷயரில்தான் இருக்கின்றன.

கோட்டை வேறு, மாளிகை வேறு என்பதை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்ததும், பணியாத நாட்டை அடக்கி வைக்க ஊர் ஊராகக் கோட்டை கட்டினார்கள். மண்ணைக் குவித்து மேலே மர அரண் வைப்பது முதல் கட்டம், கல்லில் சதுரக் கோபுரம் எழுப்புவது அடுத்த கட்டம். பீரங்கி வந்து, டியூடர் மன்னர்கள் காலத்தில் உள்நாட்டுச் சண்டைகளும் அடங்கிய பிறகு, பணக்காரருக்குத் தடித்த சுவர் தேவைப்படவில்லை. பெரிய ஜன்னல் வைத்து, அரசி வந்தால் தங்கக்கூடிய வீடு தேவைப்பட்டது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: காசில் ஹோவர்ட் 1699இல் தொடங்கிய அரண்மனை, ஹைக்ளியரும் பெயரில் மட்டுமே கோட்டை. இன்னொன்று: லீட்ஸ் காசில் என்பது லீட்ஸ் நகரத்தில் இல்லை. அது லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட்டில், மெய்ட்ஸ்டன் பக்கத்தில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து ஒரு கோட்டை என்றால் எல்லோரும் விண்ட்சர் போவார்கள். போகலாம், அரச குடும்பம் இன்றும் பயன்படுத்தும் கோட்டை. ஆனால் கோட்டை என்றால் உண்மையில் எதற்காக என்று புரிய வேண்டுமானால் நான் ரோச்செஸ்டரைச் சொல்வேன். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். 1127 வாக்கில் கான்டர்பரி பேராயர் கட்டத் தொடங்கிய கோபுரம், 34 மீட்டர் உயரம். கூரையும் தளங்களும் போய்விட்டன, நான்கு பக்கச் சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. வெளியே வந்து ஒரு சுற்று சுற்றி மூலைகளைக் கவனியுங்கள். மூன்று மூலைகள் சதுரமாக இருக்கும், தெற்குப் பக்கத்து மூலை மட்டும் வட்டமாக இருக்கும். 1215இல் ஜான் மன்னர், தன்னை எதிர்த்த பிரபுக்கள் உள்ளே இருந்தபோது இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகளால் சுவர் விழவில்லை. அடியில் சுரங்கம் தோண்டி, மண் சரியாமல் மரத்தூண் முட்டுக்கொடுத்து, அந்தத் தூண்களுக்குத் தீ வைப்பது அக்காலத்து வழி. தீ நன்றாகப் பற்ற, சாப்பாட்டுக்கு உதவாத கொழுத்த பன்றிகள் நாற்பது அனுப்பச் சொல்லி மன்னர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கொழுப்பு எரிந்தது, தூண் சரிந்தது, ஒரு மூலை முழுதாக இடிந்து விழுந்தது. பிறகு அதைக் கட்டியவர்கள் புதுப் பாணியில் வட்டமாகக் கட்டினார்கள். வட்டச் சுவருக்கு உடைக்க வாகான முனை கிடையாது. அந்த முற்றுகை முழுவதையும் ஒரு சுவரின் வடிவத்திலேயே கண்ணால் பார்க்க முடிகிறது என்பதால்தான் எனக்கு விண்ட்சரைவிட ரோச்செஸ்டர் மேல்.

சரி, இப்போது டார்பிஷயர். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து டார்பிக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், செஸ்டர்ஃபீல்டுக்கு இரண்டு மணி நேரம். தங்குவதற்கு பேக்வெல் என்ற சின்ன ஊர் வசதி. அங்கே ரயில் நிலையம் இல்லை, டார்பியிலோ செஸ்டர்ஃபீல்டிலோ கார் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஹேடன் ஹாலில் தொடங்குங்கள். பேக்வெல்லுக்குப் பக்கத்திலேயே, ஆற்றை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிச் சேர்த்த வீடு. இதன் சொந்தக்காரர்களான மேனர்ஸ் குடும்பத்தினர் ரட்லண்ட் டியூக் பட்டம் பெற்று 1700 வாக்கில் பீவர் கோட்டைக்குக் குடிபோய்விட்டார்கள். அதன் பிறகு இருநூறு ஆண்டு இங்கே யாரும் குடியிருக்கவில்லை. இடிக்கவும் இல்லை, புதுப்பிக்கவும் இல்லை. அந்த இருநூறு ஆண்டில்தான் மற்ற பிரபுக்கள் தங்கள் பழைய வீடுகளை உடைத்து கிரேக்கத் தூண் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1920களில் ஒன்பதாவது டியூக் வந்து, பழையதைக் கெடுக்காமல் பழுது பார்த்தார். குடும்பம் இன்றும் அங்கே வசிக்கிறது.

ஹேடனில் பார்க்க வேண்டியது பெரிய பொருட்கள் எதுவும் இல்லை. வாசற்படிக் கல்லில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த குழியைப் பாருங்கள். சமையலறையில் வெட்டுக்கட்டை நடுவில் கிண்ணம் போலக் குழிந்திருக்கும், எத்தனை தலைமுறை இறைச்சி வெட்டியிருந்தால் அப்படித் தேயும் என்று யோசியுங்கள். தேவாலயச் சுவரில், மதச் சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்து மறைத்த ஓவியங்கள் மீண்டும் வெளிப்பட்டிருக்கின்றன. மாடியில் நீண்ட கூடம். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே உலாவ இந்த வகைக் கூடங்களைக் கட்டினார்கள். அதன் ஜன்னலில் சின்னச் சின்ன வைரவடிவக் கண்ணாடிகள் ஒரே தளத்தில் இல்லாமல், கொஞ்சம் உள்ளே கொஞ்சம் வெளியே என்று வளைந்து நிற்கும். சூரியன் நகர நகர ஒவ்வொரு சில்லும் வேறு வேறு நேரத்தில் ஒளியைப் பிடிக்கும். மாலை வெயிலில் பார்க்க முடிந்தால் நல்லது. அவசரப்படாமல் அங்கே உட்காருங்கள்.

அடுத்தது ஹார்ட்விக் ஹால். உங்கள் பயணத்தில் ஒரே ஒரு மாளிகைக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் தேர்வு செய்வேன். செஸ்டர்ஃபீல்டுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையில் போகும்போதே குன்றின் மேல் தெரியும். கட்டியவர் ஒரு பெண்: எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி, ஊர் வழக்கில் ஹார்ட்விக் பெஸ். சாதாரண நிலக்கிழார் வீட்டில் பிறந்து, நான்கு முறை திருமணம் செய்து, ஒவ்வொரு கணவர் மறைவுக்குப் பிறகும் முன்பைவிடப் பணக்காரராக எழுந்தவர். கடைசியில் நாட்டில் எலிசபெத் அரசிக்கு அடுத்த செல்வந்தப் பெண் என்று பேரெடுத்தார். நான்காவது கணவரோடு மனம் முறிந்து பிறந்த ஊருக்கே வந்தவர், ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1590இல் கணவர் இறந்ததும் பக்கத்திலேயே இன்னொரு புது வீட்டுக்கு அடித்தளம் போட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். 1597இல் குடியேறினார். ராபர்ட் ஸ்மித்சன் வடிவமைத்தது என்று கருதப்படுகிறது. முதல் வீட்டின் சிதைந்த சுவர்கள் இன்றும் எதிரே நிற்கின்றன.

வெளியே நின்று ஜன்னலைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழ்த்தளத்தில் சிறியது, நடுவில் பெரியது, மேல்தளத்தில் மிகப் பெரியது. வழக்கத்துக்கு நேர்மாறு. கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் அரசியே வந்தால் வரவேற்கும் மண்டபம். கண்ணாடிக்கு யானை விலை கொடுத்த காலம் அது. ஹார்ட்விக்கில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று ஊரில் பாட்டே கட்டிவிட்டார்கள். ஆறு கோபுரத்தின் உச்சியிலும் இ, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் கல்லில் செதுக்கி, ஆளுயரத்துக்கு வானத்தை ஒட்டி நிற்கும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல அவர் மாளிகைக்கே பெயர் வெட்டிவிட்டார்.

உள்ளே கல்படிக்கட்டு வீட்டின் நடுவே வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. ஏறி முடித்ததும் உயர் மண்டபம். சுவரின் மேல் பாதி முழுவதும் சாந்தில் புடைப்பாகச் செய்து வண்ணம் தீட்டிய காடு, மரங்களுக்கிடையே மான், வேட்டைத் தேவதை டயானா. அதைத் தாண்டினால் ஐம்பது மீட்டர் நீளக் கூடம். அதன் சுவரில் பைபிளில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் பதின்மூன்று பெரிய நெசவுத் திரைகள். இவை பெஸ் நெய்யச் சொன்னவை அல்ல. அரசியின் அமைச்சர் கிறிஸ்டோஃபர் ஹாட்டன் கடனோடு இறந்தபின், 1592இல் அவர் வாரிசிடமிருந்து வாங்கியவை. திரைகளில் ஹாட்டனின் குலச்சின்னம் நெய்யப்பட்டிருந்தது. அதை மறைக்கத் தன் சின்னம் தீட்டிய துணியை மேலே வைத்துத் தைக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி விலையில் தள்ளுபடியும் வாங்கிவிட்டார். ஹாட்டனின் சின்னம் பெண்மான், இவர் குடும்பத்தின் சின்னம் கலைமான். எனவே பெண்மான்களுக்குக் கொம்பு தீட்டிக் கலைமானாக்கினார்கள். அறையில் இருக்கும் தன்னார்வலரிடம் கேட்டால் கொம்பு முளைத்த இடத்தைக் காட்டுவார். இந்தப் பதின்மூன்று திரைகளையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து பழுது பார்க்க 24 ஆண்டு பிடித்தது, 2023இல்தான் முடிந்தது.

இவ்வளவும் ஏன் மிஞ்சியது? பெஸ்ஸின் வாரிசுகளான கேவண்டிஷ் குடும்பம் டெவன்ஷர் டியூக்குகள் ஆனார்கள். அவர்களுக்குப் பிடித்த வீடு சாட்ஸ்வொர்த். ஹார்ட்விக் இரண்டாவது வீடாகி, பழைய சாமான்கள் போடும் இடமாகிவிட்டது. அதுவே அதன் அதிர்ஷ்டம்.

சாட்ஸ்வொர்த்தை நீங்கள் எப்படியும் பார்ப்பீர்கள், பார்க்கவும் வேண்டும். பெஸ்ஸும் இரண்டாவது கணவரும் கட்டிய வீட்டை 1687 முதல் பக்கம் பக்கமாக இடித்து, இப்போதிருக்கும் மாளிகையைக் கட்டினார்கள். ஒவ்வொரு டியூக்கும் ஏதாவது சேர்த்தார். பளபளப்பும் கூட்டமும் இங்கே அதிகம். எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, இசை அறையில் திறந்திருக்கும் கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவில் தொங்கும் வயலின். அது வயலின் இல்லை, ஓவியம். தெரிந்தே போனாலும் கண் ஏமாறும். இன்னொன்று, தோட்டத்து நீரூற்று. ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸ் வரப்போகிறார் என்று தலைமைத் தோட்டக்காரர் ஜோசஃப் பாக்ஸ்டன் 1844இல் அவசர அவசரமாகச் செய்தது. மேலே மேட்டுநிலத்தில் ஏரி வெட்டி, குழாய் வழியே இறக்கி, பம்பு எதுவும் இல்லாமல் தண்ணீரின் எடையாலேயே பீச்சியடிக்க வைத்தார். சக்கரவர்த்தி கடைசி வரை வரவே இல்லை. மாளிகையைச் சுற்றியுள்ள பார்க்கில் நடக்கக் கட்டணம் கிடையாது. மாலையில் வீடு மூடிய பிறகு ஆற்றங்கரையில் பெற்றோருடன் ஒரு நடை போங்கள், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும்.

பக்கத்து ஈடன்சர் கிராமத்துக் கல்லறையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை கேத்லீனின் சமாதி இருக்கிறது. அவர் மணந்தவர் பத்தாவது டியூக்கின் மூத்த மகன். 1944இல், கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே போரில் இறந்துவிட்டார். அதிபர் 1963 ஜூனில் இங்கே வந்து போனார். அந்தப் பத்தாவது டியூக் சொத்தை 1946இல் அடுத்த மகன் பெயருக்கு மாற்றினார். ஐந்து ஆண்டு உயிரோடு இருந்திருந்தால் மரண வரி கிடையாது. 1950 நவம்பரில், கெடு முடியச் சில மாதங்கள் இருக்கும்போது இறந்துபோனார். வரி 80 சதவீதம். ஓவியங்களும் நிலங்களும் கைமாறின. ஹார்ட்விக்கும் அந்த வரிக்கு ஈடாகவே அரசுக்குப் போய், 1959இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு வந்தது. நாம் டிக்கெட் எடுத்து உள்ளே போக முடிவதன் காரணம் இதுதான். 1870களில் தானிய விலை சரிந்து நிலத்து வருமானம் குறைந்தது, 1894இல் மரண வரி வந்தது, பிறகு இரண்டு உலகப் போர். 20ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாளிகைகளை இடித்துக் கல்லும் மரமுமாக விற்றார்கள். 1895இல் நிலத்தையும் கட்டடங்களையும் காக்கத் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட், 1930களின் கடைசியில் வீட்டோடு ஏற்றுக்கொள்ளும் திட்டம் கொண்டுவந்த பிறகே பல வீடுகள் பிழைத்தன.

மூன்றாவது நாள் டார்பி நகருக்கு வடமேற்கே கெடில்ஸ்டன். இந்தியர்கள் கட்டாயம் போக வேண்டிய வீடு, ஆனால் நம்மவர் பட்டியலில் அபூர்வமாகவே வருகிறது. 1759இல் நத்தானியல் கர்சன் தொடங்கினார், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் முடித்தார். நடுக்கட்டடம் குடியிருக்க இல்லை, பிறர் பார்க்க. உள்ளே நுழைந்ததும் உள்ளூர் அலபாஸ்டர் கல்லில் இருபது தூண்கள். எடுப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஏற்கெனவே இருந்த கிராமத்தையே வேறிடத்துக்கு மாற்றினார்கள், பழைய தேவாலயம் மட்டும் வீட்டை ஒட்டி மிஞ்சியிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடம் கொடுத்த வீடு. கார்னெட் அம்மையார் என்ற வீட்டு மேலாளர் ஓவியப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் விளக்குவார். அவருடைய படமே சுவரில் இருக்கிறது. 1777இல் வந்த அறிஞர் சாமுவேல் ஜான்சனுக்கு வீடு பிடிக்கவில்லை, ஊர் மன்றக் கூடத்துக்குத்தான் லாயக்கு என்றார்.

கல்கத்தாவின் கவர்னர் மாளிகை (2025 வரை ராஜ்பவன், இப்போது லோக் பவன்) இந்த வீட்டை மாதிரியாக வைத்து 1799 முதல் 1803 வரை கட்டப்பட்டது. கெடில்ஸ்டனில் நான்கு சிறகுக் கட்டடங்கள் திட்டமிட்டு இரண்டே கட்டினார்கள், கல்கத்தாவில் நான்கையும் கட்டிவிட்டார்கள். கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் கர்சன் 1899இல் வைஸ்ராயாகப் போய், தன் வீட்டின் நகலிலேயே குடியிருந்தார். 1905இல் வங்காளத்தைப் பிரித்தவர் அவர்தான். தாஜ்மகாலைப் பழுது பார்க்க வைத்ததும் அவர்தான். ஊர் திரும்பிய பிறகு, லிங்கன்ஷயரின் டாட்டர்ஷல் கோட்டைக் கணப்புகளை வேறு சிலர் பெயர்த்து அமெரிக்காவுக்கு விற்கப் பார்த்தபோது, இவர் 1911இல் கோட்டையையே வாங்கி, கணப்புகளைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்தினார். அந்தப் பரபரப்பு 1913இன் தொல்சின்னச் சட்டத்துக்கு வழிவிட்டது. கீழ்த்தளத்தில் அவர் இந்தியாவிலிருந்தும் பிற ஆசிய நாடுகளிலிருந்தும் கொண்டுவந்த பொருட்களின் காட்சிக்கூடம். அங்கே அவர் மனைவி மேரி கர்சன் 1903 டெல்லி தர்பார் நடன விருந்தில் உடுத்திய மயில் உடை இருக்கிறது. இந்தியக் கைவினைஞர்கள் ஜரிகையில் மயிலிறகு மயிலிறகாகத் தைத்தது. ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையாக மின்னுவது ரத்தினம் என்று தோன்றும். அது பொன்வண்டின் இறக்கை மேலுள்ள ஓடு. குனிந்து கிட்டத்தில் பாருங்கள். செய்தவர்களின் கையை நினைத்துக்கொள்ளவும் அதுவே நல்ல இடம்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எந்த மாளிகையிலும் கேட்கத் தயங்க வேண்டாம். யார்க்‌ஷயரின் ஹேர்வுட் ஹவுஸுக்குப் பின்னால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பும் அடிமை வணிகமும் இருக்கின்றன. நேஷனல் டிரஸ்டே 2020இல் வெளியிட்ட அறிக்கையில் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்பைச் சொல்லியிருக்கிறது. நம் ஊர்ப் பணமும் இதில் உண்டு. மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் பிட், அங்கே வாங்கிய பெரிய வைரத்தை 1717இல் பிரான்ஸுக்கு விற்று, கார்ன்வாலில் பொக்கானக் எஸ்டேட்டை வாங்கினார். இன்னொரு மெட்ராஸ் கவர்னர் தாமஸ் ரம்போல்ட் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் வுட்ஹால் பார்க் மாளிகையைக் கட்டினார். பின்னர் அதை வாங்கிய பால் பென்ஃபீல்ட், ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே கொழுத்தவர். அது இப்போது பள்ளிக்கூடம். திப்பு சுல்தானின் கூடாரத்தைப் பார்க்க ஆசை இருந்தால் வேல்ஸ் எல்லையைத் தாண்டி போவிஸ் கோட்டைக்குப் போக வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799இல் மெட்ராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்தின் சேகரிப்பு அங்கே இருக்கிறது. டார்பிஷயரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு முழு நாளை ஒதுக்கினால்தான் சரிப்படும்.

டார்பிக்குத் தெற்கே கால்க் அபே. ஹார்ப்பர் குடும்பத்தார் ஊரோடு ஒட்டாமல் ஒதுங்கி வாழ்ந்தவர்கள், எதையும் தூக்கிப் போடாதவர்கள். அறை நிறைந்தால் பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள். பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும், குவிந்த பொம்மைகள், பழைய கட்டில்கள், உரிந்து தொங்கும் சுவர்த்தாள். மரண வரிக்காக 1985இல் நேஷனல் டிரஸ்டிடம் வந்தபோது, மெருகு போடாமல் அப்படியே நிறுத்தி வைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்தார்கள், உரிந்த தாளை உரிந்தபடியே விட்டார்கள். துணிச்சலான முடிவு, மிகச் சரியான முடிவு என்பது என் எண்ணம். வீட்டுக்குள் ஒரு பெட்டியில், 18ஆம் நூற்றாண்டில் கல்யாணப் பரிசாக வந்த கட்டிலின் சீனப் பட்டுத் திரை பிரிக்கப்படாமலே கிடந்தது. வெயிலே படாததால் நிறங்கள் நேற்றுத் தைத்தது போல இருக்கின்றன. மற்ற வீடுகளில் வெளுத்துப் பழுப்பாகிப் போன திரைகள் ஒரு காலத்தில் எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று இதைப் பார்த்தால்தான் தெரியும்.

அறைகள் ஏன் இவ்வளவு இருட்டு என்று உங்கள் அம்மா கட்டாயம் கேட்பார். பட்டும் கம்பளியும் வெளிச்சத்தில் சாயம் இழக்கும், இழந்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் ஜன்னலுக்குத் திரை இறக்கி, ஆண்டுக்கு இவ்வளவு வெளிச்சம்தான் என்று கணக்கு வைத்துத் திறக்கிறார்கள். வாசலில் இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். நாற்காலியின் மேல் முள்ளுப் பூவோ பைன் காயோ வைத்திருந்தால் உட்காரக் கூடாது என்று பொருள். வெறும் நாற்காலி என்றால் தன்னார்வலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காரலாம், பெரியவர்களுக்கென்று இருக்கை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு அறையிலும் இருக்கும் அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், அந்த அறையை வருடக்கணக்காகப் படித்தவர்கள். தாமாகப் பேச்சை ஆரம்பிக்கத் தயங்குவார்கள். “இந்த அறையில் உங்களுக்குப் பிடித்தது எது?” என்று கேட்டுப் பாருங்கள், அச்சிட்ட எந்தக் கையேட்டிலும் இல்லாததைச் சொல்வார்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், கூர்மையான ஹீல்ஸ் கூடாது, படம் எடுக்கலாம் ஆனால் ஃப்ளாஷ் வேண்டாம்.

டிக்கெட் விஷயம். நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிடேஜ் இரண்டும் வேறு வேறு அமைப்புகள், ஒன்றின் பாஸ் மற்றதில் செல்லாது. ஹார்ட்விக், கெடில்ஸ்டன், கால்க் மூன்றும் நேஷனல் டிரஸ்டுடையவை. சாட்ஸ்வொர்த், ஹேடன் இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். இங்கிலிஷ் ஹெரிடேஜ் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் தருகிறது. டோவர், கெனில்வொர்த் போன்ற கோட்டைகள் திட்டத்தில் இருந்தால் லாபம், டார்பிஷயர் மட்டும் என்றால் காசுக்குக் கட்டாது. அவர்களுடைய போல்சோவர் கோட்டையும் காசில்டன் ஊரில் குன்றின் மேலுள்ள பெவரில் கோட்டையும் அங்கே உண்டு. பெவரிலில் 1176இல் இரண்டாம் ஹென்றி கட்டிய கோபுரம் இருக்கிறது, ஆனால் ஏற்றம் செங்குத்து, பெற்றோரைக் கீழே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறி வாருங்கள். டிக்கெட் கவுன்டரில் ‘கிஃப்ட் எய்ட்’ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். திறந்திருக்கும் கிழமைகளை ஒவ்வொரு வீட்டின் இணையதளத்திலும் பார்த்துவிட்டே நாளை முடிவு செய்யுங்கள். ஹார்ட்விக், கெடில்ஸ்டன் போன்றவற்றில் தோட்டம் திறந்திருக்கும், வீடு மூடியிருக்கும் என்ற நிலை சகஜம். ஹைக்ளியரை விட மனமில்லை என்றால் இன்றே பதிவு செய்யுங்கள், வருடத்தில் குறிப்பிட்ட நாட்களே திறக்கிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு அங்கே பன்னிரண்டு மாதம் வரை கார் ஓட்டலாம், சாலையும் நம்மைப் போல இடதுபக்கம்தான். ஆட்டோமேடிக் கார் வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள். கிராமத்துச் சாலைகள் இரண்டு பக்கமும் கல்சுவரோடு மிகக் குறுகலாக இருக்கும், எதிரில் வண்டி வந்தால் அகலமான இடம் வரை பின்னால் போக வேண்டும். ஜிபிஎஸ் சில சமயம் எஸ்டேட்டின் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தும், கடைசி சில கிலோமீட்டருக்குப் பழுப்பு நிறப் பெயர்ப்பலகையை நம்புங்கள். கார் ஓட்ட விருப்பமில்லை என்றால் ஷெஃபீல்டிலிருந்து சாட்ஸ்வொர்த் வழியாக பேக்வெல்லுக்கு பஸ் உண்டு, ஹேடனும் பஸ் பாதையில்தான். மற்ற வீடுகளுக்கு டாக்சிதான் வழி.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பழைய குதிரை லாயங்களை டீக்கடையாக மாற்றியிருப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சூப், சுட்ட உருளைக்கிழங்கு, சீஸ் சாண்ட்விச் எப்போதும் கிடைக்கும். மூன்று மணிக்கு ஸ்கோனும் ஜாமும் கெட்டிப் பாலாடையும் டீயும். இரண்டாவது வீட்டுக்குப் போகும் தெம்பு அதில் வரும்.

அப்பா அம்மாவின் முழங்காலைப் பொறுத்து ஒரு மாற்றம் தேவைப்படலாம். சாட்ஸ்வொர்த்தில் லிஃப்ட் உண்டு. ஹேடனில் தரை மேடுபள்ளம், படிகள் தேய்ந்தவை. ஹார்ட்விக்கின் சிறப்பே உச்சித் தளத்தில்தான் இருக்கிறது, படி நீளம் என்றாலும் சாய்வு மென்மையானது, வழியில் நின்று நின்று ஏறலாம். ஏறவே முடியாது என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் அந்த நாளை கெடில்ஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் மட்டும் காலையில் திறந்ததும் ஹார்ட்விக் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.